பிண வேஷம்

காரிமங்கலம்
2-5-1973

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் டைரக்டர் எங்கள் ஊர்ப் பாறைக் கரட்டில்தான் படம் பிடிக்கிறார். நீங்கள் சிபாரிசு செய்தபடி என் வீட்டுக்காரருக்குப் பஞ்சத்தில் சாகும் குடியானவன் வேஷம். ஆறு நாளாக டைரக்டர் இவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "சார், இந்த ஆளு எதனால சாகறானுங்க? பசியா, சீக்கா?" என்று இவர் கேட்டதற்கு, "நீ படுத்தாப் போதும்யா. மேகம் போகுது, குறுக்க வராதே" என்றாராம். கேமராவுக்குத்தான் குடை பிடிக்கிறார்கள். மெட்ராஸ் நடிகைக்குக் கதையில் தான் யாருக்குப் பெண்டாட்டி என்றே தெரியவில்லை, என்னைக் கேட்டாள். எனக்கு மனசு சரியில்லை. நீங்கள் அவரிடம் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.

தங்கை,
புஷ்பமேரி

சென்னை
6-5-1973

அன்புத் தங்கை புஷ்பத்துக்கு,

எடிட்டிங் அறைக்கு வந்த ரீல்களைப் பார்த்தேன். கரடு அழகு, மேகம் அழகு. மனிதர்கள் சந்தைக்கு ஓட்டிவந்த மாடு மாதிரி நிற்கிறார்கள். அழுகிறவளுக்கு எதற்கு அழுகிறோம் என்று தெரியவில்லை. படம் ஒரு வாரம்கூட ஓடாது. அதை டைரக்டரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த படத்தில் என்னை அசிஸ்டெண்டிலிருந்து எடிட்டராக்குவதாகச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்.

அண்ணன்,
ஞானராஜ்

தருமபுரி
9-5-1973

அண்ணா,

இவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நேற்று உச்சி வெயிலில் பாறைமேல் பிணமாகப் படுக்கவைத்தார்கள். இயேசுவின் பாடுகளைப் போடும் நம் பாஸ்கா நாடகத்தில் பிண வேஷக்காரன், நாடக வாத்தியார் வந்து காலைத் தொடும்வரை கண் திறக்கமாட்டான். இவர் அந்தப் பழக்கத்தில் அப்படியே கிடந்திருக்கிறார். யாரும் தொடவில்லை, முடிந்தது என்று சொல்லவும் இல்லை. வண்டியேறி அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்கள். மூணு மணிக்கு நான்தான் போய்த் தொட்டேன். உடம்பு கொதித்தது. இன்னும் நினைவு வரவில்லை. டைரக்டரை ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

புஷ்பம்

சென்னை
13-5-1973

புஷ்பத்துக்கு,

அந்த ரீல் வந்தது. மொத்தப் படத்திலும் மாப்பிள்ளை கிடப்பது ஒன்றுதான் நிஜமாக இருக்கிறது. டைரக்டர், "யாருய்யா இவன்? பிரமாதம். இன்னும் ரெண்டு ஷாட் வேணும், வரச் சொல்லு" என்றார். "சரி சார்" என்றேன். உன் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது.

காட்சி முடிந்த பிறகும் கேமரா கொஞ்சம் ஓடியிருக்கிறது. குடையை மடக்கிக்கொண்டு ஆட்கள் அவரைத் தாண்டிப் போகிறார்கள். அந்தத் துண்டை வெட்டிக் குப்பையில் போட்டேன். அவர் உடம்பு தேறியதும் எழுது.

ஞானராஜ்

காரிமங்கலம்
17-5-1973

ஞானராஜ் அவர்களுக்கு,

இவரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வூடு திரும்பியபோது உங்கள் கடிதம் வந்திருந்தது. மாமியார் மிக்கேலம்மாள் படிக்கச் சொன்னாங்க. படித்தேன். "இன்னும் ரெண்டா?" என்று கேட்டாங்க.

அந்த டைரக்டருக்கு இவர் யாரென்றே தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

முப்பதாம் நாள் பூசைக்கு எல்லாருக்கும் சொல்லியிருக்கிறோம். நீங்கள் வரவேண்டாம்.

மதலைமுத்து மனைவி,
புஷ்பமேரி