மூன்று சனிக்கிழமை விதி

இரத்தினபுரி,
9 ஜனவரி 1934

அன்புள்ள தம்பி இருளப்பனுக்கு,

இறைவன் அருளால் இங்கே சுகம். தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கான சனிக்கிழமை வகுப்புக்குப் பாடத்திட்டம் எழுதும் வேலையைக் கலாசாலை அதிபர் என்னிடம் தந்திருக்கிறார். ஓய்வு பெற்ற என்னிடம் ஏன் தந்தாரோ. முப்பது வாரத்தையும் கட்டம் போட்டு எழுதி, நாலு தரம் சரிபார்த்தேன். நம்பிக்கை வரவில்லை. உன் மதினி ஹபீஸா வாசித்துவிட்டு, "இது பாடத்திட்டமா, பொலிஸ் நோட்டீஸா?" என்கிறாள்.

இந்த வகுப்பின் சான்றிதழ் இல்லாதவருக்கு அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை இல்லை என்பதால், நீயும் இதில்தான் படிக்க வேண்டும். இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். குறை சொல்லி எழுது.

அன்புடன்,
சாலி நாநா

குருவிட்ட, தோட்டப் பள்ளிக்கூடம்,
15 ஜனவரி 1934

பிரியமுள்ள நாநாவுக்கு,

மதினி சொல்றது சரிதாங்க. முதல் பக்கத்திலயே 'கூடாது' பதினொரு தரம் வருது. நான் பிள்ளைகள்கிட்ட முதல் நாள் சொல்றது, "தீபாவளிக்குள்ள தோட்டத்துச் செக்ரோல் பேரேட்டுல உங்க அம்மா பேர நீங்களே வாசிப்பீங்க"ன்னுதான். அதுக்காகவே ஓடி வருதுங்க. முப்பதாவது வாரம் எங்களால என்ன முடியும்னு நீங்களும் முதல்ல சொல்லுங்க.

மூணு சனிக்கிழமை வராட்டி பேர் வெட்டப்படும்ங்கிற விதிய மட்டும் எடுத்துடுங்க. ஆறு பெருகினா பாதையே இருக்காது. விடியக்காலம் ஆள் எண்ணுற பெரட்டுக்கு வராதவன் பேர வெட்டுறது தோட்டத்தோட போகட்டும்.

உங்க
இருளப்பன்

இரத்தினபுரி,
3 மார்ச் 1934

அன்புள்ள தம்பி,

முதல் பக்கம் இப்போது இப்படித் தொடங்குகிறது: 'முப்பதாம் வாரம், எழுத்தே அறியாத ஒரு வகுப்பை நீங்கள் தனியே நடத்துவீர்கள்.' ஹபீஸாவுக்கும் பிடித்திருக்கிறது.

அச்சுத்தாளில் அந்த விதி இன்னும் இருக்கிறதே என்று பதறாதே. அதிபரிடம் சொல்லிவிட்டேன்.

சாலி நாநா

இரத்தினபுரி,
2 ஜூலை 1934

தம்பி இருளப்பனுக்கு,

வெள்ளம் வடிந்ததும் கலாசாலைக்குப் போனேன். பதிவேட்டில் உன் பெயரைச் சிவப்பு மையால் வெட்டியிருக்கிறார்கள்.

நான் அதிபரிடம் சொல்லவே இல்லை. திருத்திய முதல் பக்கத்தைக் கொடுத்தபோது, "வேறு ஏதும் உண்டா?" என்று கேட்டார். "இல்லை" என்று சொல்லி வந்துவிட்டேன். பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். நேற்றுத்தான் அந்த விதியை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். "நீங்கள் எழுதிய விதிதானே?" என்றார்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

சாலி

குருவிட்ட,
20 ஆகஸ்ட் 1934

மதிப்புள்ள ஐயா அவர்களுக்கு,

வெள்ளத்துல முதல் ரெண்டு சனிக்கிழமை போக வழியில்ல. மூணாவது சனிக்கிழமை தோணி வந்துச்சு. மத்த மாஸ்டர்மார் ஏறிட்டாங்க. இங்க லயத்து வீடுகள்ல ஒம்பது பிள்ளைகளுக்குக் காய்ச்சல். நீங்க சொல்லியாச்சேன்னு நம்பி, நான் பிள்ளைகளோட நின்னுட்டேன்.

நீங்க கேட்டு அதிபர் முடியாதுன்னிருந்தா, நானும் அந்தத் தோணியில ஏறியிருப்பேன்.

ஜனவரியில புது மாஸ்டர் வர்றார். நான் ரப்பர் பால் வெட்டப் போறேன். அப்புறம் இந்த விலாசத்துக்கு வர்ற கடுதாசி அவர் கைக்குத்தான் போகும். எனக்கு வேற விலாசம் இல்லைங்க.

இப்படிக்கு,
ந. இருளப்பன்