நம் பத்மினியின் ஹெட்டைக் கழற்றிவிட்டேன், ராஜி

என் செல்லச் சண்டைக்காரி ராஜிக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரியும் எழுதாததற்குக் காரணம், எழுத உட்கார்ந்தால் எல்லோரும் எழுதுகிற மாதிரியே வந்தது. நீ இருபத்தெட்டு வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவள், அதைப் படித்தால் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பியிருப்பாய். இப்போது சொல்வதற்கு ஒரு சேதி இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

உன் மகன் அரவிந்த் நம் பத்மினி காரைப் பழைய இரும்புக்குப் போடப் பார்த்தான். நான் விடவில்லை.

முதலில் இருந்தே சொல்கிறேன். உன் காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, உன் பிளாட்டைக் காலி செய்ய அவன் புனேயிலிருந்து வந்தான். கட்டில், பீரோ, உன் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வழி செய்தான். கடைசியாக என் வீட்டு வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. போர்ட்டிகோவில் நிற்கும் காரைக் காட்டி, "இதையும் ஏத்திடுங்க" என்றான்.

"அரவிந்த், இது எங்க ரெண்டு பேரோட கார்" என்றேன்.

"பேப்பர்ல அம்மா பேர்தானே ஆன்ட்டி இருக்கு?"

இருக்கிறது. வாங்கிய அன்று என் ரேஷன் கார்டில் முகவரி தப்பாக இருந்ததால் உன் பெயரில் பதிந்தோம். "யார் பேர்ல இருந்தா என்னடி" என்றாய் நீ. அந்த ஒரு பேச்சுக்கு இன்றைக்கு நான் உன் பிள்ளையிடம் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"ஓடாத வண்டி ஆன்ட்டி. எதுக்கு வச்சுக்கிட்டு?" என்றவன், கொஞ்சம் நிறுத்தி, லாரிக்காரருக்குக் கேட்காத குரலில் சொன்னான். "அன்னிக்கு நீங்க ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கணும். இந்த டப்பால கூட்டிட்டுப் போனதாலதான் லேட் ஆச்சு. அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

அந்தக் காலை உனக்கு நினைவிருக்கிறதா? பள்ளி வேன்கள் வருகிற நேரம். "மங்கை, நெஞ்சுல என்னமோ பண்ணுது, வாயேன்" என்று போன் செய்தாய். ஆம்புலன்ஸ் எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. அது வரும்வரை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியாது என்று தோன்றியது. கார் சாவி கையில் இருந்தது. வந்தேன்.

ஜிஎஸ்டி ரோட்டில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று நாம் இருவருமே தள்ளிப்போட்ட அந்த ரேடியேட்டர் குழாய் அன்றைக்குத்தான் வெடித்தது. டெம்பரேச்சர் ஊசி சிவப்பைத் தொட்டது. பானட்டின் ஓரத்தில் ஆவி கிளம்பியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் நீ, ஆனால் நீ பார்த்தது அந்த ஊசியை.

"நிறுத்துடி. வண்டி போயிடும்."

"போகட்டும்."

"பைத்தியமா உனக்கு? என்ஜின் போச்சுன்னா..."

"வாயை மூடிக்கிட்டு மூச்சு விடு ராஜி."

நீ சிரித்தாய். அந்த வலியிலும் சிரித்தாய். ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழைந்து, வீல் சேர் வந்து, உன்னை இறக்கிய பிறகுதான் என்ஜின் கடகடவென்று ஆடி நின்றது. அதற்கு முன்னால் அது நிற்கவில்லை. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். நான்கு நாள் நீ அங்கே இருந்தாய். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, "வண்டி என்னாச்சு?" என்று கேட்டாய். இங்கேயேதான் நிற்கிறது என்றேன். "ஹெட் போயிருக்கும். நீ ஓட்டின ஓட்டுக்கு" என்றாய். என்னிடம் நீ கடைசியாகச் சொன்ன முழு வாக்கியம் அதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து கட்டி இழுத்து வந்த வண்டி போர்ட்டிகோவில் நிற்க, லாரி வாசலில் நிற்க, இதையெல்லாம் அரவிந்திடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. ஒன்றுதான் சொன்னேன்.

"எனக்கு ஒரு மாசம் கொடு. இந்த வண்டி குன்றத்தூர் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரும். வரலைன்னா நானே லாரியில தள்ளி ஏத்தறேன்."

"யார் ரிப்பேர் பண்ணப் போறாங்க?"

"நான்தான்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அறுபத்து நான்கு வயது, ரிட்டயர்ட் பிசிக்ஸ் டீச்சர், முழங்கால் வலி. லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டான். பாவம் பார்த்து அனுப்பினானா, தோற்கட்டும் என்று அனுப்பினானா, தெரியாது. எனக்கு ஒரு மாதம் கிடைத்தது, அது போதும்.

நாம் இருவரும் அந்தக் காரில் எவ்வளவோ கழற்றிப் பூட்டியிருக்கிறோம். நீ புத்தகத்தை உரக்க வாசிப்பாய், நான் ஸ்பானரைப் பிடிப்பேன். ஆனால் ஹெட்டை நாம் தொட்டதே இல்லை. என்ஜினின் மேல்பாதி அது. வால்வுகள் எல்லாம் அதற்குள்தான். "அது ஆபரேஷன் மாதிரி, நமக்கு வேண்டாம்" என்பாய். இந்த முறை வாசிக்க ஆள் இல்லை. நானே வாசித்து நானே செய்தேன்.

தண்ணீரை வடித்து, கார்புரேட்டரைக் கழற்றி, நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். ஹெட் அசையவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பக் கை பரபரத்தது. நெம்பினால் அலுமினியம் கீறிவிடும். மரக்கட்டையை வைத்துச் சுற்றிலும் தட்டினேன், அரை நாள். மத்தியானம் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது.

தூக்கிப் பார்த்தேன். இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதற்கும் நடுவில், ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் தகடு எரிந்து, கறுத்து, வழி விட்டிருந்தது. அந்த நிலையில்தான் அது உன்னைச் சுமந்துகொண்டு வாசல் வரை வந்திருக்கிறது. தரையில் உட்கார்ந்து அதையே வெகுநேரம் பார்த்தேன். அரவிந்த் டப்பா என்றானே, இதையா?

வால்வுகளைக் கழற்றி, அட்டையில் எட்டு ஓட்டை போட்டு, எந்த இடத்தில் இருந்ததோ அந்த வரிசையில் குத்தி வைத்தேன். கரியை மரக்குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து டார்ச் அடித்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. சூட்டில் ஹெட் வளைந்திருந்தது. கண்ணாடிப் பலகையில் எமரித் தாளை ஒட்டி இரண்டு நாள் தேய்த்தேன். என் தோள்தான் வளைந்தது. ஹெட் நிமிரவில்லை.

பழைய பெட்ஷீட்டில் அதைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திருமுடிவாக்கம் போனேன். அங்கே தொழிற்பேட்டையில் மூன்று பட்டறைகளில் முடியாது என்றார்கள். நான்காவது ஏழுமலை என்பவருடையது. பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இன்னா மேடம் இது, வளைஞ்சு கீது. பழைய அலுமினியம். மெஷின்ல ஏத்தினா விரிசல் வுட்டாலும் வுட்ரும். அப்பாலிக்கா வந்து என்னைக் கேக்கக் கூடாது."

"கேட்க மாட்டேன்."

"வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா? அவங்கள வரச் சொல்லேன்."

"இருந்தாலும் அவங்களுக்கு இது தெரிஞ்சிருக்காது. எனக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமா சீவுங்க. அவசரமில்ல, நான் நிக்கறேன்."

அவர் என் நகங்களைப் பார்த்தார். எத்தனை சோப்பு போட்டும் போகாத கறுப்பு. "யாரு கழட்டுனது?" என்றார். நான் என்றேன். வால்வெல்லாம் எங்கே என்று கேட்டார். நம்பர் போட்டு அட்டையில் குத்தி வைத்திருப்பதைச் சொன்னேன். ஹெட்டைத் தூக்கி மெஷினில் ஏற்றினார். ஒவ்வொரு முறை சீவி நிறுத்தும்போதும் டார்ச் அடித்து விரிசல் தேடினேன். விரிசல் விடவில்லை ராஜி. கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தார். "வண்டி கிளம்பிச்சுன்னா இந்தப் பக்கமா எட்த்துகினு வா மேடம். சத்தம் கேக்கணும்" என்றார்.

மூன்றாவது சிலிண்டரின் ஒரு வால்வு ஓரத்தில் எரிந்திருந்தது. புதுப்பேட்டையில் அலைந்து புதிதாக ஒன்று வாங்கினேன். பிறகு வால்வு உட்காரும் இடத்தில் சாணைப் பசை தடவி, ரப்பர் கோலை வால்வின் தலையில் ஒட்டி, மத்துக் கடைவது போல உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். சுற்றிலும் ஒரே சீராகச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் விழும்வரை. எட்டு வால்வு. உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. வரட்டும் என்று இருந்தேன்.

தேய்த்து முடித்து, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். ஏழு வால்வு பிடித்தது. அந்தப் புது வால்வு கசிந்தது. மறுபடி தேய்த்தேன். மறுபடி கசிந்தது. அன்றைக்குத்தான் அழுதேன், ராஜி. ஆஸ்பத்திரியில் அழாதவள், உன் பிளாட்டைக் காலி செய்த அன்று அழாதவள், போர்ட்டிகோவில் மண்ணெண்ணெய்க் கையோடு உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். "வால்வு கசியுது" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

மூன்றாவது முறை கசியவில்லை.

அரவிந்த் சொன்ன தேதிக்குச் சரியாக வந்தான். அப்போது எல்லாம் பூட்டி முடித்திருந்தேன். புதுக் கேஸ்கெட், புதுக் குழாய், நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு மூன்று தவணையாக இறுக்கியாயிற்று. அவன் தோள்பையைக்கூட இறக்காமல் நின்று பார்த்தான். சாவியைத் திருப்பினேன். என்ஜின் ஒரு தும்மல் தும்மிவிட்டு அடங்கியது. இன்னொரு முறை. படாரென்று ஒரு வெடி.

"விடுங்க ஆன்ட்டி" என்றான் அவன். அந்தக் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கிப் போய்ப் பானட்டுக்குள் பார்த்தேன். இரண்டாம் பிளக்கின் வயரையும் மூன்றாம் பிளக்கின் வயரையும் மாற்றிச் செருகியிருந்தேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு சர்க்யூட் வரைந்து காட்டியவள்! சரிசெய்து மறுபடி திருப்பினேன்.

பிடித்துக்கொண்டது. நடுக்கமில்லாமல் ஓடியது.

"ஏறு" என்றேன்.

பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர். அவன் ரோட்டையே பார்க்கவில்லை, ஊசியைப் பார்த்துக்கொண்டே வந்தான், உன்னை மாதிரியே. திருமுடிவாக்கத்தில் வண்டியைத் திருப்பி ஏழுமலையின் பட்டறை வாசலில் நிறுத்தி ஒரு நிமிடம் ஓடவிட்டேன். அவர் வெளியே வந்து, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கையை மட்டும் உயர்த்தினார். குன்றத்தூர் மலையடிவாரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கேதான் அரவிந்த் கேட்டான்.

"அன்னிக்கு நடுவுல வண்டி நின்னுச்சா ஆன்ட்டி?"

"நிக்கல. ஊசி சிவப்புக்குப் போச்சு. உங்கம்மா நிறுத்தச் சொன்னா. நான் நிறுத்தல. என்ஜின் போகும்னு தெரிஞ்சேதான் ஓட்டினேன்."

"அம்மா நிறுத்தச் சொன்னாங்களா?"

"ஆமா. வண்டிக்காக."

அவன் முகம் கோணியது. குடிக்காத டீயைப் பெஞ்சில் வைத்தான்.

"ஆம்புலன்ஸ்ல போயிருந்தா பிழைச்சிருப்பாங்களா?"

"தெரியாதுப்பா. எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. ஆனா அதுக்காக நான் தலை குனிஞ்சு நடக்க மாட்டேன். முடிஞ்சதைச் செஞ்சேன்."

கடைசியில் சொன்னான். "பேரை மாத்திக் கொடுத்துடறேன். ஒரே ஒரு கண்டிஷன். இனிமே அவசரம்னா யாரையும் இதுல கூட்டிட்டுப் போகக் கூடாது. எனக்கு வாக்குக் கொடுங்க."

நான் சாவியை எடுத்து அவன் பக்கத்தில் பெஞ்சின் மேல் வைத்தேன். "அந்த வாக்கை என்னால தர முடியாது. வேணும்னா வண்டியை நீயே எடுத்துக்கோ."

சரி என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் நீ இருந்தால் என் தொடையைக் கிள்ளியிருப்பாய். ஆனால் உன் பிள்ளையிடம் பொய் சொல்லி உன் காரை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அவன் சாவியை எடுத்தான், கையில் வைத்து உருட்டினான், எழுந்து போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். திரும்பும்போது அவன்தான் ஓட்டினான். ஸ்டியரிங் பக்கத்துக் கியரில் தடுமாறி, பம்மலில் இரண்டு முறை என்ஜினை அணையவிட்டு, பின்னால் வந்தவர்களிடம் திட்டு வாங்கி, ஒருவழியாக வீடு கொண்டுவந்து சேர்த்தான். இறங்கும்போது சாவியை என் கையில் வைத்தான். தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். என்மேல் அவனுக்கு இன்னும் கோபம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இருக்கட்டும். அம்மாவை இழந்தவனுக்கு அந்த உரிமை உண்டு.

வாரிசுச் சான்றிதழ், அவன் கையெழுத்து எல்லாம் புனேயிலிருந்து கூரியரில் வந்து சேர்ந்தன. போன வாரம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனேன். கவுன்டரில் இருந்த பெண் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "இறந்தவங்க உங்களுக்கு என்ன உறவு மேடம்?" என்று கேட்டாள். படிவத்துக்காகக் கேட்டாளா, சும்மா கேட்டாளா, தெரியவில்லை. எனக்குப் பின்னால் நீள வரிசை.

"கூடப் பிறந்தவ" என்றேன்.

"அக்காவா, தங்கச்சியா?"

"அக்கா."

இனிஷியல் வேறு, அப்பா பெயர் வேறு. அவள் கண் அதைப் பார்த்தது. நானும் அவளையே பார்த்தேன். முத்திரை குத்திவிட்டாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், ராஜி. என் கண்ணும் காலும் ஒத்துழைக்கிறவரை இந்த வண்டியை நான் ஓட்டுவேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு. யார் வாசலில் நின்று கையைக் காட்டினாலும், எந்த நேரமானாலும், ஏற்றிக்கொள்வேன். கேட்க வேண்டியவர்கள் கேள்விகளை அப்புறம் கேட்டுக்கொள்ளட்டும்.

உன் தங்கை,
மங்கை