ஆள் இறங்கட்டும்

அனல் மின்நிலைய விருந்தினர் விடுதி,
மத்தியப் பிரதேசம்,
14-2-1996

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று தெரியும். இருந்தாலும் கேட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் "வேலை கிடைத்ததும் மரியாதை போய்விட்டது" என்று ஆரம்பிப்பீர்கள்.

பயிற்சிக்கு வந்திருப்பவர்களில் பெண் நான் ஒருத்திதான். பெண்களுக்கு இங்கே விடுதி கிடையாது என்பதால் பெரிய அதிகாரிகள் தங்கும் அறையில் என்னைப் போட்டிருக்கிறார்கள். பையன்கள் ஆறு பேருக்கு ஒரு குளியலறை. எனக்கு வெந்நீர்க் குழாய், தரையில் கம்பளம், காலையில் தட்டில் வைத்து டீ. ஆனால் ஜன்னலைத் திறந்தால் சாம்பல் வந்து படிகிறது. தலையணை உறையைத் தினம் உதறுகிறேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், அடுத்த ரயிலில் சீயக்காயோடு வந்து நிற்பாள்.

ஒரு வருஷம் எங்களை நிறுவனம் முழுக்கச் சுற்ற விடுகிறார்கள். இங்கே மின்சாரம் தயாராவதைப் பார்த்துவிட்டு, பிறகு கோபுரம் நட்டு லைன் இழுக்கிற இடம், அதன்பின் துணை மின்நிலையம். கடைசியில் எந்த வேலை வேண்டும் என்று கேட்பார்கள். பெண் என்றால் கேட்காமலேயே ஆபீசில் ஃபைல் பார்க்க உட்கார வைத்துவிடுவது வழக்கமாம்.

நேற்று கட்டுப்பாட்டு அறைக்குள் போனேன். சுவர் முழுக்க மீட்டர்களும் சிறு விளக்குகளும். ஒருவர் எழுந்து ஒரு கைப்பிடியைத் திருப்பினார். அவ்வளவுதான், எங்கேயோ ஓர் ஊருக்குக் கரண்ட் போனது. எனக்கு அந்த நாற்காலிதான் வேண்டும் அப்பா. வேறெதுவும் வேண்டாம்.

உங்கள் மகள்,
கிரிஜா


தேஹு ரோடு, புனே,
3-3-1996

அன்பு மகள் கிரிஜாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று இங்கே சாயங்காலம் முழுக்கக் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தியில் படித்தேன். உன் நிறுவனத்திடம் சொல்லி வை. "அது நாங்கள் இல்லை, மாநில மின்வாரியம்" என்று பதில் எழுதுவாய். பக்கத்து வீட்டு ஜோஷிக்கு அந்த வித்தியாசமெல்லாம் புரியாது. கரண்ட் போனால் பால்கனியில் வந்து நின்று என்னைத்தான் முறைக்கிறான்.

டிப்போவில் போன வாரம் ஒரு கூத்து. எங்கள் வெடிமருந்துக் கிடங்குக்குள் போகிறவன் என் பலகையிலிருந்து தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு போக வேண்டும், வெளியே வந்ததும் மாட்ட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். எல்லா வில்லையும் திரும்பினால்தான் நான் கிடங்கைப் பூட்டி ஆட்களை விடுவேன். அன்று ஒரு வில்லை குறைந்தது. பாஸ்கருடையது. "அவன் ஷேர் ஆட்டோவுல போனதைக் கண்ணால பாத்தோம் சார், பூட்டுங்க" என்றார்கள். "வில்லை வரட்டும்" என்றேன். ஷிஃப்ட் முழுக்க வாசலில் நின்றது. மராத்தி, இந்தி, தெலுங்கு, தமிழ் எல்லாவற்றிலும் திட்டு வாங்கினேன். கடைசியில் சிஞ்ச்வட் போய் ஆளைப் பிடித்து வந்தார்கள். வில்லை பேண்ட் பாக்கெட்டில் இருந்திருக்கிறது, பேண்ட்டை அவன் பெண்டாட்டி சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டாள். நுரையோடு கொண்டுவந்து மாட்டினான். அதன்பிறகுதான் பூட்டினேன். இன்னும் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை.

முக்கியமான சேதி. லோஹேகாவிலிருந்து உனக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் முரளி, போசரியில் ஒரு தொழிற்சாலையில் என்ஜினீயர். அவன் அம்மா தர்மாம்பாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பெண் ராத்திரி ஷிஃப்ட் போகக் கூடாது, புனேயிலேயே ஆபீஸ் வேலையில் இருக்க வேண்டும். அப்படியே இருப்பாள் என்று சொல்லிவிட்டேன். ஆகவே கேட்கும்போது புனே ஆபீஸ் என்று எழுதிக் கொடு.

அம்மா எலுமிச்சை ஊறுகாய் அனுப்புகிறாள்.

ஆசிகளுடன்,
அப்பா கல்யாணசுந்தரம்


லைன் கட்டுமான முகாம்,
20-5-1996

அன்புள்ள அப்பாவுக்கு,

ஊறுகாய் வந்தது. பாட்டில் மூடி உடைந்து ஒழுகியிருந்தது, வழித்துச் சாப்பிட்டோம். பாஸ்கர் மாமாவின் வில்லைக் கதையை இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

கோபுரம் ஏறினேன். பாதிதான். அங்கிருந்து கீழே பார்த்ததும் மீதிப் பாதி வேண்டாம் என்று தோன்றியது. மேலே வேலை செய்கிறவர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மறுநாள் பிடிவாதமாக உச்சி வரை போய் வந்தேன். பிறகு சிரிக்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

இனி நீங்கள் கோபப்படப் போகிற பகுதி. என்னைக் கேட்காமல் எனக்காக ஏன் வாக்குக் கொடுத்தீர்கள்? முரளி போசரியில் ராத்திரி ஷிஃப்ட் போகவில்லையா? அவர் போகலாம், நான் போகக் கூடாது என்றால் என்ன நியாயம்? நான் கட்டுப்பாட்டு அறை என்றுதான் எழுதப் போகிறேன். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள் என்கிறேன்.

கிரிஜா


தேஹு ரோடு,
9-6-1996

கிரிஜாவுக்கு,

கோபுரம் ஏறியவளுக்கு அப்பா கீழே எங்கேயோ சின்னதாகத்தான் தெரிவார். இந்த ஊரில் முப்பது வருஷமாக என் வாய்ச்சொல்லை யாரும் சந்தேகப்பட்டதில்லை. புனே ஆபீஸ் என்று எழுதிக் கொடுத்த பிறகு எனக்கு எழுது. அதுவரை நான் எழுதுவதாக இல்லை.

அம்மா சாப்பிட்டாயா என்று கேட்கச் சொன்னாள்.

கல்யாணசுந்தரம்


துணை மின்நிலையம்,
சோலாப்பூர் பக்கம்,
18-8-1996

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜூலையில் எழுதியதற்கும் பதில் இல்லை. நீங்கள் சொன்னால் சொன்னதுதான் என்று தெரியும். நானும் உங்கள் மகள்தானே.

இங்கே வந்து ஒரு மாதமாகிறது. சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அதைச் சொல்வதற்காவது இதைப் பிரித்துப் படித்திருப்பீர்கள் அல்லவா?

கிரிஜா


துணை மின்நிலையம்,
சோலாப்பூர் பக்கம்,
21-10-1996

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் பக்கம் கரண்ட் போயிருக்கும். நீங்கள் மின்வாரியத்தைத் திட்டியிருப்பீர்கள். இந்தத் தடவை அது நான்தான்.

புனேப் பக்கம் போகிற இரண்டு பெரிய லைன்களில் ஒன்றை அன்று பழுது பார்க்க நிறுத்தியிருந்தோம். நிறுத்தினால் சுவிட்சைப் பூட்டிச் சாவியை நாங்கள் வைத்துக்கொள்வோம். லைனில் வேலை செய்யப் போகும் மேற்பார்வையாளருக்கு ஒரு பர்மிட் சீட்டுக் கொடுப்போம். வேலை முடிந்ததும், சீட்டை வாங்கியவரே நேரில் வந்து "என் ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள்" என்று கையெழுத்துப் போட வேண்டும். பிறகுதான் பூட்டைத் திறக்கலாம். அன்று சீட்டும் சாவியும் என் பொறுப்பு. சீட்டை வாங்கிப் போனவர் அப்துல் காதர்.

சாயங்காலம் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு லைனும் பழுதாகிப் போய்விட்டது. பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி, தேஹு ரோடு எல்லாம் இருட்டு. எங்கள் ஷிஃப்ட் என்ஜினீயர் தேஷ்பாண்டே சார் இரண்டு காதிலும் போனை வைத்துக்கொண்டு நின்றார். மின்சாரத்தைப் பங்கிடும் மும்பை மையத்திலிருந்து ஒரே கூச்சல், நிறுத்திய லைனை உடனே கொடு என்று. அப்போது காண்ட்ராக்டரின் ஆள் ஜீப்பில் வந்து சீட்டை மேஜையில் வைத்தான். அதில் அப்துல் காதரின் கையெழுத்து இருந்தது. அவர் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார், எல்லாரும் இறங்கியாயிற்று என்றான்.

தேஷ்பாண்டே சார் சாவியைக் கேட்டார். "அப்துல் காதர் வரட்டும் சார்" என்றேன்.

"கையெழுத்து இருக்கிறதே?"

"ஆள் இல்லையே சார்."

நீ பயிற்சிக்கு வந்தவள், பொறுப்பு என்னுடையது, கொடு என்று இந்தியில் கத்தினார். அந்த ஜீப் ஆள், எல்லாரும் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன் என்றான். அதைக் கேட்டதும் எனக்கு டிப்போ வாசலில் நீங்கள் நிற்பதுதான் ஞாபகம் வந்தது. சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டேன். ஆள் எல்லாம் உண்மையிலேயே இறங்கியிருந்தால், ஒரு நகரத்தை வீணாக இருட்டில் வைத்தவள் நான். அந்த நாற்காலி ஜன்மத்துக்கும் கிடைக்காது. அது தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அப்துல் காதர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நேரம் மிச்சமாகட்டும் என்று முதலிலேயே கையெழுத்துப் போட்டு, சீட்டை முன்னால் அனுப்பிவிட்டாராம். அனுப்பிய பிறகு கடைசிக் கோபுரத்தில் ஒரு பிடிப்பு சரியாக முறுக்கப்படாதது கண்ணில் பட்டு, ஒருவரை மறுபடி மேலே ஏற்றியிருக்கிறார். தான் வராமல் பூட்டைத் திறக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. சீட்டு என் மேஜைக்கு வந்தபோது அந்த ஆள் மேலேதான் இருந்தார்.

தேஷ்பாண்டே சார் இரண்டு போனையும் கீழே வைத்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்துல் காதர் என் எதிரில் மறுபடி கையெழுத்துப் போட்டார், பூட்டைத் திறந்தோம். கைப்பிடியைத் திருப்ப தேஷ்பாண்டே சார் எழுந்தவர், என்ன நினைத்தாரோ, என்னைப் பார்த்து "நீ திருப்பு" என்றார். திருப்பினேன். மீட்டரில் முள் எழுந்தது. தேஹு ரோட்டில் நம் வீட்டு விளக்கும் அதில்தான் எரிந்திருக்கும்.

போன வாரம் நாக்பூரிலிருந்து தலைமை என்ஜினீயர் விசாரிக்க வந்தார். தேஷ்பாண்டே சாரே எதையும் மறைக்காமல், தான் சாவி கேட்டுக் கத்தியது உட்படச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலைமை என்ஜினீயர் என்னிடம், "உனக்கு எங்கே வேலை வேண்டும்? நீ சொல்கிற இடத்துக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

வாயில் பதில் தயாராக இருந்தது. ஆனால் "அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் சார்" என்று வந்துவிட்டது. சிரித்துவிட்டு, மாதக் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார்.

உங்களைக் கேட்காமல் எழுதிக் கொடுக்க என்னால் முடியும். மனம் வரவில்லை. பதில் போடுங்கள் அப்பா.

உங்கள் மகள்,
கிரிஜா


தேஹு ரோடு,
25-10-1996

என் கண்ணு கிரிஜாவுக்கு,

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் வீட்டுக் கூடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் தெரியுமா? முரளியும் அவன் அம்மாவும். நிச்சயத்துக்கு நாள் குறிக்க வந்திருந்தார்கள். அம்மா கேசரியை எடுத்துக்கொண்டு வரும்போது கரண்ட் போனது. தர்மாம்பாள் பட்டுப்புடவையில் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். ஜோஷி பால்கனியில் நின்று கத்தினான். நானும் விடவில்லை. "எவனோ ஒரு மடையன் சுவிட்சைப் போடாம தூங்கறான்" என்று அவர்கள் எதிரிலேயே திட்டித் தீர்த்தேன். அந்த மடையன் நீதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன் கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அழுதாள், நானும் கொஞ்சம். இன்று காலை டிப்போ வாசலில் பாஸ்கரை நிறுத்தி வைத்து அந்தப் பகுதியை முழுக்கப் படித்துக் காட்டினேன். தன் வில்லையை எடுத்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அந்த வில்லை விவகாரத்திலிருந்து பேசாமலிருந்தவர்கள் கூட வந்து, "பொண்ணு எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார்கள். முப்பது வருஷம் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், இப்படி நெஞ்சு நிமிர்ந்து ஒருநாளும் நின்றதில்லை.

மத்தியானம் லீவு போட்டுவிட்டு லோஹேகாவ் போனேன். உள்ளதைச் சொன்னேன். "அன்னிக்கு உங்களை வேர்க்க வச்சது என் பொண்ணுதாம்மா. மேல ஒரு ஆள் இருந்தான், அவன் இறங்கற வரைக்கும் சாவியைக் கொடுக்கலை. அவ கன்ட்ரோல் ரூம்லதான் உக்காரப் போறா, ராத்திரி ஷிஃப்ட்டும் உண்டு. நான் முன்னால சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றேன். தர்மாம்பாள் யோசித்துச் சொல்கிறோம் என்றார். "நிதானமா யோசிங்க, நாங்களும் யோசிக்கணும்" என்று எழுந்துவிட்டேன். வாசல் வரை முரளி வந்தான். "நான் அவங்களுக்கு லெட்டர் எழுதலாமா மாமா?" என்று கேட்டான். அதை நீயே முடிவு செய், உன் விலாசத்தைக் கூட நான் கொடுக்கவில்லை. உன்னைக் கேட்காமல் இனி எதுவும் கொடுப்பதாக இல்லை.

அந்த நாக்பூர்க்காரரிடம் சொல்: அப்பாவைக் கேட்டேன், கட்டுப்பாட்டு அறை என்று சொல்லிவிட்டார் என்று. இதைத் தபாலில் போட்ட கையோடு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் உன் நிலையத்துக்கு ஒரு போனும் போட்டுவிடுகிறேன், தபாலை நம்ப முடியாது. தீபாவளிக்கு லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் அங்கேயே இருந்து எங்களுக்கு விளக்கு எரிய வை.

இதோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. அம்மா மெழுகுவர்த்தி கொண்டுவருகிறாள். ஜோஷி பால்கனிக்கு வந்து ஆரம்பித்துவிட்டான். நானும் எழுந்து வெளியே போய், எனக்குத் தெரிந்த மராத்தியில் சொல்லிவிட்டு வந்தேன்: எங்கேயாவது ஒரு ஆள் மேலே இருப்பான், அவன் இறங்கட்டும், அதுவரை சும்மா இரு.

உன் அப்பா,
கல்யாணசுந்தரம்