கூத்துக்குக் கொடுத்த முகூர்த்தப் புடவை

நேற்று ராத்திரி என் மகன் பரோட்டா வாங்கி வந்தான். சால்னா பொட்டலத்தைப் பிரித்த வாசனை மூக்கில் ஏறியதும் என் இடது கை தானாக மடியைப் பொத்திக்கொண்டது. மடியில் ஒன்றும் இல்லை. "வயித்து வலியா மாமா?" என்றாள் மருமகள். அவளிடம் என்னத்தைச் சொல்வது? போய்ச் சேர்ந்த பிறகும் நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டேன் என்கிறாயே என்று உன்னைத்தான் திட்டிக்கொண்டேன்.

எழுபத்திரண்டோ எழுபத்துமூன்றோ, வைகாசி மாதம். காஞ்சிபுரத்தில் நாம் இருவரும் ஒரே முதலாளிக்கு நெய்துகொண்டிருந்தோம். அன்று மத்தியானம்தான் என் தறியிலிருந்து ஒரு முகூர்த்தப் புடவையை அறுத்திருந்தேன். மறுநாள் காலை பெண் வீட்டார் வந்து வாங்கிப்போக வேண்டிய புடவை. கொடுக்கப் போனால் முதலாளி வீடு பூட்டிக் கிடந்தது. என் வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன் என்றேன். நீ கேட்டால்தானே. "பையிலயே இருக்கட்டும்பா. காத்தால குடுத்துக்கலாம். கூத்துக்குப் போற பஸ்ஸு போயிடும்" என்று இழுத்துக்கொண்டு போனாய்.

வாலாஜாபாத்தில் இறங்கிச் சாப்பிட்டோம். பையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டே பரோட்டாவைப் பிய்த்தேன். "கைக்கொழந்தைய வச்சிக்கினு துன்றவன் மாதிரி துன்றியேடா" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புடவையில் ஒரு சொட்டு சால்னா பட்டால் முதலாளி அடுத்த புடவைக்குப் பாவு நூல் தரமாட்டார். பாவு இல்லாவிட்டால் தறி சும்மா நிற்கும். வீட்டில் என் பெண்டாட்டிக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

தென்னேரிப் பக்கத்தில் ஒரு ஊரில் பாரதக் கூத்து. அன்றைக்குப் பாஞ்சாலி துகிலுரிதல். பாஞ்சாலி வேஷத்துக்கு அந்த ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு புடவை கொடுப்பார்கள். கொடுத்தது பாஞ்சாலி அம்மனுடையது, யாரும் திருப்பிக் கேட்பதில்லை. புடவை வாங்கிக்கொண்டு வந்த பெரியவர் நம் முன்னால் நின்றார். காஞ்சிபுரத்துக்காரர்கள் என்று தெரிந்ததும் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"பட்டுப் பொடவதானே? கையில வச்சிக்கினு அம்மாவுக்கு இல்லேன்னு சொல்லாதப்பா. வூட்ல புள்ளகுட்டிங்க நல்லா இருக்க வாணாமா?"

நீ என் காதில், "முகூர்த்தப் பொடவடா, குடுக்காத" என்றாய். எனக்கு அது கேட்டது. ஆனால் வயிற்றிலிருக்கும் பிள்ளையைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை. பையைப் பிரித்து எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே சுற்றினார்கள். துச்சாதனன் முதலில் இழுத்ததும் அதுதான். அரக்குக் கரை மண்ணில் புரண்டது. சலங்கைக் காலால் அவன் அதை மிதித்து மிதித்து ஆடினான். சுற்றியிருந்த பெண்கள் பாஞ்சாலிக்காக அழுதார்கள். நான் எழப் பார்த்தேன். விடிகிற வரைக்கும் என் மணிக்கட்டை நீ விடவில்லை.

முதல் பஸ்ஸில் திரும்பும்போது, "நான் பேசிக்கிறேன், நீ வாயத் தொறக்காத" என்றாய். என்ன பேசப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தடுக்க வேண்டியிருந்திருக்கும்.

முதலாளி வீட்டுக் கூடத்தில் பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். "நான்தான் மொதலாளி எடுத்துக் குடுத்துட்டேன். இவன் வாணாம் வாணாம்னுதான் சொன்னான்" என்றாய். முதலாளி என்னைப் பார்த்து, "அப்டியாடா?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். "இனிமே உனக்குப் பாவு கெடையாது" என்று உன்னிடம் சொன்னார்.

மற்ற முதலாளிகளும் கதவை அடைத்தார்கள். நீ ஆரணிக்குக் கூலித் தறிக்குப் போனாய். எனக்கு மகன் நல்லபடியாகப் பிறந்தான். அதே முதலாளியிடம் பதினைந்து வருஷம் நெய்தேன். விசேஷங்களுக்கு வருவாய், மகனைத் தூக்கிக் கொஞ்சுவாய், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டாய். நீ எடுத்துவிடுவாயோ என்று ஒவ்வொரு தடவையும் பயந்தேன்.

போன மாதம் உன் கருமாதிக்கு ஆரணி வந்திருந்தேன். கிளம்பும்போது உன் வீட்டம்மா வாசல் வரைக்கும் வந்தார். "அண்ணா, இவரு அன்னிக்கிப் பண்ண காரியத்துல உங்க பொழப்பும் போயிருக்கும். கேட்டா சிரிச்சிக்கினே போயிடுவாரு. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கட்டினவளிடம்கூடச் சொல்லவில்லையா நீ?

நான் என்ன செய்தேன் தெரியுமா? "பரவால்லமா, பழைய கத" என்றேன்.

அன்றைக்காவது வாயைத் திறக்காதே என்று நீ சொன்னாய். ஆரணியில் என்னை யார் தடுத்தார்கள்? வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கடுதாசியை எடுத்துக்கொண்டு நாளைக்கு ஆரணிக்குப் போகிறேன். உன் வீட்டம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் எதிரே உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். பயமாக இருக்கிறதடா.