மேரேகு உப்புமா நக்கோ

என் ரஹீமுக்கு,

நேற்று உன் வீட்டில் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதினார்கள். பிரியாணி நன்றாக இருந்தது. நீ இருந்திருந்தால் உப்பு ஒரு கல் குறைச்சல் என்று சொல்லி உன் மனைவி நஸீமாவைக் கடுப்பேற்றியிருப்பாய். நான் ரெண்டு தட்டு சாப்பிட்டேன். பிறகு கை கழுவும் இடத்தில் நின்று கொஞ்சம் அழுதேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

கிளம்பும்போது நஸீமா உன் பழைய டிரங்குப் பெட்டியை இழுத்து வந்து என் முன்னால் வைத்தாள். ராணுவப் பள்ளிக்கு நீ தூக்கி வந்த அதே பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் உன் நம்பர் இன்னும் அழியவில்லை. "எல்லாம் உங்க பள்ளிக்கூடத்துச் சாமானுங்கதான் அண்ணா. எனக்கு ஒன்னும் புரியல, நீங்களே பாத்து எடுத்துக்கங்க" என்றாள். அதற்குள் உன் இந்தி நோட்டு இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து உன்மேல் எனக்குக் கோபமோ கோபம். அதைக் கொட்டத்தான் இந்தக் கடிதம்.

ஒன்பதாம் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? அறுபதுகளின் கடைசி. பென்னாகரம் ரோட்டுப் பள்ளி, ஒரே தங்கும் கூடத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஆனால் நீ ஏ பிரிவு, நான் பி. எனக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. உனக்கு முக்கோணத்தைக் கண்டாலே காய்ச்சல் வரும். இந்தியில் நிலைமை தலைகீழ். நல்லம்பள்ளிக் கடலைக்காட்டில் எனக்கு யார் இந்தி சொல்லிக் கொடுத்தார்கள்? பரேடு மைதானத்தில் ஹவில்தார் கத்தியதுதான் எனக்குத் தெரிந்த மொத்த இந்தியும். முதல் பரீட்சையில் 'என் வீடு' என்று கட்டுரை கேட்டார்கள். அப்பா விறைப்பாக சாவ்தான், அம்மா காலை அகட்டி விஷ்ராம் என்று எழுதி, கடைசியில் முற்றுப்புள்ளிக்குப் பதிலாக, நடையை நிறுத்தச் சொல்லும் தம் என்று போட்டு வைத்தேன். மூன்று மார்க் வந்தது. அந்த மூன்றும் கையெழுத்துக்காக என்று நீதான் சொன்னாய்.

அரைப் பரீட்சையிலும் ஊற்றிக்கொண்டது. முழுப் பரீட்சையிலும் போனால் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள், அதுதான் பள்ளியின் சட்டம். என் அப்பா அதற்குள் ஊர் முழுக்கப் பையன் ஆபீசராகிவிட்டான் என்றே சொல்லித் திரிந்தார். பஸ்சில் நல்லம்பள்ளி போய் இறங்கி, அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் நீ வாத்தியாரானாய். சாயங்காலப் படிப்பு நேரத்தில் நான் உனக்குத் தேற்றம், நீ எனக்கு இந்தி. இலக்கணமெல்லாம் அப்புறம், முதலில் பேசிப் பழகு என்றாய். நானும் கிளி மாதிரி பழகினேன். 'எங்கள் சாப்பாட்டுக்கூடம்' என்று ஒரு கட்டுரையை நெட்டுருப் போட்டேன். பரீட்சையில் அதேதான் வந்தது என்பது என் அதிர்ஷ்டம். அதில் எங்கு பார்த்தாலும் 'மேரேகு உப்புமா நக்கோ, மேரேகு கஞ்சி நக்கோ', எனக்கு அது வேண்டாம் இது வேண்டாம் என்று இருந்தது என்பது என் தலையெழுத்து. உன் அம்மா சமையலறையில் பேசுகிற பாஷையை இந்தி என்று என் தலையில் கட்டியிருந்தாய்.

பரீட்சை அன்று காலை வரிசையில் நடந்து போகும்போது அந்தக் கட்டுரையை உன்னிடம் ஒப்பித்துக் காட்டினேன். உன் முகம் தொங்கிப் போனது. சாப்பிட்ட உப்புமா ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்தேன். நீ வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

நாலாம் நாள் ரெண்டு பேரையும் முதல்வர் அறைக்கு இழுத்துப் போனார் எங்கள் பிரிவு இந்தி வாத்தியார் திவாரி சார். எல்லாருடைய தாளையும் அவர்தான் திருத்தினார். எந்த அகராதியிலும் இல்லாத ஒரு வார்த்தை ரெண்டு தாளில் மட்டும் வந்திருக்கிறது, இது காப்பி, ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார். முதல்வராக இருந்த கர்னல், நாங்கள் உட்கார்ந்த வரிசையைக் கேட்டார். நீ முதல் வரிசை, நான் கடைசி. பிறகு உன்னைப் பார்த்து, இது என்ன வார்த்தை என்றார். "சார், எங்க வூட்ல இப்படித்தான் பேசுவோங்க" என்று நீ தமிழில் உளறினாய். ஹைதராபாத்தில் பல வருஷம் வேலை பார்த்த மனுஷன் அவர். தாளை வாங்கிப் படித்தார், நாற்காலி ஆடும் அளவுக்குச் சிரித்தார். இது தெற்கத்தி உருது, தப்புக்கு அரை மார்க் குறைத்துக்கொள்ளுங்கள், மொத்தமாக அடிக்காதீர்கள் என்று திவாரி சாரிடம் சொன்னார். ரெண்டு மார்க் வித்தியாசத்தில் நான் பாஸ்.

வெளியே வந்ததும் நீ சொன்னதை ஐம்பது வருஷமாக நான் நகைச்சுவை என்றே நினைத்திருந்தேன். "ஒருத்தன் எழுதுனா தப்புடா மாதப்பா, ரெண்டு பேரு எழுதுனா அது பாஷை."

இப்போது உன் நோட்டுக்கு வருகிறேன். அதே ஒன்பதாம் வகுப்பு, ஆகஸ்ட் மாதத்துப் பக்கம். நீ எழுதிய ஒரு நக்கோவைச் சிவப்பு மையில் சுழித்து, 'நஹீ சாஹியே என்பதே சரி, நூறு தடவை எழுது' என்று போட்டிருக்கிறார் தீபாவளியோடு மாற்றலாகிப் போன உங்கள் பிரிவு இந்தி சார். நீயும் நூறு தடவை எழுதியிருக்கிறாய், எண் போட்டு. என்னிடம் மூச்சே விடவில்லை. அதற்குப் பிறகு அந்த நோட்டின் கடைசிப் பக்கம் வரை தேடிவிட்டேன், ஒரு நக்கோகூட இல்லை.

ஆக, ஏப்ரலில் முழுப் பரீட்சை எழுதும்போது உனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும், என் தாளுக்குத் துணையாக எழுதினாய். வருஷா வருஷம் உனக்கே வரும் இந்திப் பதக்கம் அந்த வருஷம் வேறொருவனுக்குப் போனபோது, கணக்கில் கவனம் வைத்து இந்தியைக் கோட்டை விட்டாயா என்று நான் உன்னைக் கிண்டல் செய்தேன். நீ சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாய். கர்னல் ஹைதராபாத் பக்கமே போகாதவராக இருந்திருந்தால்? அதையெல்லாம் யோசித்தாயா, அல்லது மணி அடித்த வேகத்தில் முடிவு பண்ணினாயா? ஏன்டா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை?

நான் அப்பாவிடம் பெட்டியோடு போகவில்லை. மேஜராகத்தான் போனேன். நீ கண் பரிசோதனையில் தோற்று, உங்கள் அப்பாவின் பாத்திரக்கடையில் உட்கார்ந்தாய். உன் சின்ன மகன் நேற்றே கடையைத் திறந்துவிட்டான். நிம்மதியாக இரு.

ஒன்று மட்டும் சத்தியம். வரும் ஜனவரியில் பழைய மாணவர் கூட்டத்தில் அந்த நோட்டோடு மேடை ஏறுவேன். பதக்கம் யாருடையது என்று சொல்வேன், உன் அம்மா பாஷையிலேயே. இந்தியைத் திருத்துகிறேன் என்று எவனாவது எழுந்தால், அவனுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: நக்கோ.

உன் பிள்ளைகளுக்குப் பெரியப்பா,
உனக்கு எப்போதும் கடைசி வரிசை
மாதப்பன்