இடித்த வெற்றிலை

என் மகளுக்கு,

உன் அப்பா போய் எட்டாம் நாள், எட்டுச் செலவு நேற்று முடிந்தது. அவர் கடைசியாக என்ன கேட்டார் என்று நீ போனில் அழுதுகொண்டு கேட்டாய். அதுதான் எழுதுகிறேன்.

பிள்ளை, வெற்றிலைதான் கேட்டார்.

வாயில் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே நீ சொன்னபடி வெற்றிலைத் தட்டத்தை ஒளித்து வைத்தேன். ஒன்பது மாதம் ஒரு சீவல் கொடுக்கவில்லை. கடைசிக் கிழமை, "இஞ்சேரப்பா, மணந்து பாக்கவெண்டாலும் ஒரு துண்டு தா" என்று கெஞ்சினார். "மகள் ஏசுவாள்" என்றேன். சிரிக்கப் பார்த்தார். வாய் திறபடவில்லை.

அவர் போன அன்று, குளிப்பாட்டிக் கிடத்திய பிறகு அளவெட்டி மாமி சின்ன உரலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தா. "மச்சாள், அண்ணையை வெறும் வாயோடை அனுப்பக் கூடாது. வெத்திலை பாக்கு இடிச்சு வையுங்கோ" என்றா. வீடு நிறையச் சனம். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நீ ஒன்றும் யோசிக்காதே. நல்லதுக்குத்தான் சொன்னாய், நானும் நல்லதுக்குத்தான் உன் சொல்லைக் கேட்டேன்.

பசைபோல இடித்து என் கையாலேயே அவர் வாயில் வைத்தேன். சுண்ணாம்பு மட்டும் சேர்க்கவில்லை. புண் எரியும்.

உன் அம்மா