பாதுஷாவின் முடி

5.6.89, திங்கள்
காலையிலிருந்தே உப்பளத்துக் காற்று. கொடியில் போட்ட துணி மொடமொடவென்று காய்ந்துவிட்டது. மாமி தொழும்போது போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டி முழுக்கப் பழுப்பு முடி. ஒரு மணி நேரம் பொறுக்கினேன். ஈரக் கையால் தடவினால் கொஞ்சம் வரும். சைக்கிள் ட்யூப் துண்டால் ஒரே பக்கமாக இழுத்தால் திரண்டு வரும். மீதிக்கு நகம்தான்.

பூனை பாதுஷா கொடிக்குக் கீழே படுத்து வேடிக்கை. சவூதிக்குக் கிளம்பிய அன்று இவர் என்னிடம் பேசியதைவிட அதனிடம் பேசியதுதான் அதிகம்.

இன்று துவைத்தது: துப்பட்டி 2, புடவை 3, இவர் அனுப்பிய புலிப் படம் போட்ட போர்வை. அங்கிருந்து லீவில் வந்த கோட்டக்குப்பத்துக்காரர் போன வாரம் கொண்டுவந்தது. இந்த வெயிலிலும் மாமி அதைத்தான் விரித்துப் படுக்கிறார், மகன் அனுப்பியதாயிற்றே. கூட வந்த கேசட்டை இன்னும் கேட்கவில்லை. டேப் ரிக்கார்டர் ரிப்பேரில்.

7.6.89, புதன்
மாமி துப்பட்டியை உதறிக் காட்டினார். "இந்தப் பூனை முடியோட தொழுதா தொழுகை கூடுமா?"

மறுபடி துவைத்தேன். நல்ல தண்ணீர் மூன்று குடம். மறுபடி முடி. ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. உப்பு லாரி கிளியனூர் வழியாகப் போகிறது என்றார்கள். பாதுஷாவைச் சாக்கில் போட்டுக் கட்டினேன். என் கை என்பதால் சத்தமில்லாமல் உள்ளே போனது. டீக்கடை பக்கம் இறக்கிவிடுவதாக டிரைவர் சொன்னார்.

மதியம் மறதியாகப் பாதுஷாவுக்கும் சோறு பிசைந்துவிட்டேன்.

9.6.89, வெள்ளி
துப்பட்டியில் இன்றும் முடி. பழைய முடி மூலைமுடுக்கில் கிடந்திருக்கும். வீடு முழுக்கப் பெருக்கினேன். சோப்பு வாங்க வேண்டும்.

10.6.89, சனி
டேப் ரிக்கார்டர் வந்தது. நானும் மாமியும் உட்கார்ந்து கேட்டோம். சலாம், அங்கத்திய வெயில், சம்பளம் தள்ளிப்போனது. பிறகு இது:

"அந்தப் போர்வைய மத்த துணியோட போட்டுடாத. பஞ்சு கொட்டும். இங்க ரூம்ல எல்லார் சட்டையிலயும் புலி முடிதான்." சிரிப்பு. "அடுத்த கேசட்ல பாதுஷாவக் கத்த வை. அவன் கொரலக் கேட்டு ரெண்டு வருஷம் ஆவுது."

மாமி எழுந்து போய்ப் போர்வையை வாசலில் உதறினார். வெயிலில் பழுப்பாகப் பறந்தது. ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். சுருண்டிருந்தது. பூனை முடி நேராக இருக்கும். இத்தனை நாள் நகத்தால் பொறுக்கியவள் ஒன்றையாவது உற்றுப் பார்த்திருக்கலாம். பாவி நான்.

11.6.89, ஞாயிறு
முதல் பஸ்ஸில் கிளியனூர். தெருத் தெருவாக "பாதுஷா, பாதுஷா" என்று கூப்பிட்டேன். ஒருவர் ஸ்வீட் கடைக்கு வழி சொன்னார். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். லாரியில் வந்து இறங்கிய அன்றும் மறுநாளும் பெஞ்சுக்கு அடியில் இருந்ததாம். எந்த லாரி நின்றாலும் ஓடிப் போய்ப் பார்த்ததாம். பிறகு காணோமாம்.

பால் வாங்கி வைத்துவிட்டு வந்தேன். வேறு பூனை குடித்திருக்கும்.

13.6.89, செவ்வாய்
வெக்கை. கோட்டக்குப்பத்துக்காரர் வியாழன் பயணம். கேசட் பேசி வைக்க வேண்டும்.

மாமி மெதுவாகச் சொன்னார். "பக்கத்து ஊட்டுப் பூனையக் கத்த வெச்சிடேன். அவனுக்கு என்னா தெரியப் போவுது." பூனை முடி என்று முதலில் சொன்னது அவர்தான், அந்த உறுத்தல்.

பிடித்து வந்தேன். அது நன்றாகவே கத்தியது. போட்டுக் கேட்டேன். பாதுஷா மாதிரியேதான் இருந்தது. அழித்தேன்.

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். "பாதுஷா இல்லீங்க. நான்தான் சாக்குல கட்டி லாரில ஏத்தி வுட்டேன். போர்வைப் பஞ்சுன்னு தெரியாம பண்ணிட்டேங்க." மாமி பெயரைச் சொல்லவில்லை. மீதி டேப் சும்மா ஓடியது.

15.6.89, வியாழன்
கோட்டக்குப்பத்துக்காரரிடம் கேசட் கொடுத்தாயிற்று. இவர் கைக்குப் போய்ச்சேரப் பத்து நாளாகும் என்றார். அதுவரைக்கும் இவரைப் பொறுத்தவரை பாதுஷா வீட்டில்தான் இருக்கிறது.